கரிசலில் நட்ட கம்பம்

டிஷ் மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிஷ்ஷைப் பிடித்துத் திருப்ப வேண்டும், இன்னொருவர் டி.வி. முன்னால் நின்று சிக்னல் வருகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். நான் தனியாகத்தான் போவேன். கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டால் வழியெல்லாம் பேசிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அது எனக்கு வராது. அதனால் உள்ளே நின்று சொல்கிற வேலை அந்தந்த வீட்டுக்காரர்களுடையதாகிவிடும். பகல் நேரத்தில் போவதால் பெரும்பாலும் பெண்கள்தான் இருப்பார்கள். நான் மாடியிலோ புறவாசலிலோ நிற்பேன். அவர்கள் உள்ளேயிருந்து சத்தம் கொடுப்பார்கள். சிக்னல் ஏறினால் "வந்துட்டு", இறங்கினால் "போச்சு". இந்த இரண்டு சொல்லுக்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை. வேற்றுப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற எனக்கு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு சொல்லில் ஒரு வேலை முடிந்துவிடுவது பெரிய சௌகரியமாக இருந்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கோவில்பட்டியில் ஒரு சைக்கிள் கடையில் பல வருஷம் இருந்தேன். பிறகு ஆன்டெனா வேலைக்குப் போனேன். இரும்புக் குழாயின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, கொடைக்கானல் இருக்கிற திசைக்குத் திருப்பிவிட்டால் படம் தெரியும். காற்று அடித்தால் புள்ளி புள்ளியாகிவிடும். டவுனுக்குள் கேபிள் வந்ததும் அந்த வேலை படுத்துவிட்டது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் கழித்து, கேபிள் வயர் போகாத ஊர்களுக்கு மாதக் கட்டணம் இல்லாத சின்ன டிஷ் வந்தது. அதில் தமிழ் ஒன்றிரண்டுதான் வரும், மற்றதெல்லாம் இந்தி. இருந்தாலும் ஜனங்கள் வாங்கினார்கள். நான் பழைய மொபெட்டில் கம்பத்தையும் டிஷ்ஷையும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன்.

டிஷ் பார்க்க வேண்டிய இடம் அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு. சரியாகச் சொன்னால் அக்கினி மூலையிலிருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளி, நன்றாக அண்ணாந்து. நான் திசை காட்டும் கருவி எதுவும் வைத்துக்கொண்டதில்லை. எங்கள் பக்கத்தில் அடுப்பை அக்கினி மூலையில்தான் போடுவார்கள். ஓட்டின் மேல் புகை கசிகிற இடத்தைப் பார்த்து டிஷ்ஷை வைத்தால் முக்கால் வேலை முடிந்தது. மிச்சமிருக்கும் கால் வேலைதான் ஆளைக் கொல்லும். அதில் ஒரு நூல் தள்ளிப்போனாலும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். சரியாக வைத்த பிறகு போல்ட்டை முறுக்கும்போதும் கவனம் வேண்டும். முறுக்குகிற முறுக்கிலேயே டிஷ் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நான் சொல்ல வந்த வீடு கழுகுமலை ரோட்டில் இறங்கி மூன்று மைல் உள்ளே. மண் சுவர், மேலே ஓடு. ஓட்டின் மேல் கம்பம் நிற்காது, சுவரில் அடித்தால் சுவர் உதிரும். அதனால் புறவாசலில் குழி தோண்டிக் கம்பத்தை நட்டேன். என்னுடைய தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. கரிசல் மண் ஒரு நிலையில் இருக்காது. கோடையில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் உப்பி மேலே எழும்பும். நாலடிக்குக் கீழே வெள்ளையாக, கெட்டியாகச் சுக்கான் பாறை வரும், அது மட்டும்தான் அசையாது. வீடு கட்டுகிறவர்கள் சுக்கான் தட்டுகிற வரைக்கும் தோண்டித்தான் அஸ்திவாரம் போடுவார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும் இரண்டடியில் நிறுத்தினேன். சித்திரை வெயில். கடப்பாரையைப் போட்டால் இரும்பின் மேல் போட்டதுபோல் தோள் வரைக்கும் அதிர்ந்தது. ஒரு டிஷ்தானே, இரண்டடி போதும் என்று கலவையைக் கொட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து டிஷ்ஷை மாட்டினேன்.

வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும்தான். ஒரே மகள் கல்யாணமாகித் திருப்பூரில் இருந்தாள். அவர் லாரி டிரைவர். இருபத்தைந்து வருஷம் கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு நாக்பூர், ஜபல்பூர், கான்பூர் என்று வடக்கே ஓடியவர். ஒரு நடை போனால் திரும்ப ஒரு மாதம் ஆகுமாம். வந்து நாலு நாள் இருப்பார், அதில் இரண்டு நாள் தூங்குவார். இப்போது வயிற்றில் கட்டி என்று வண்டியை விட்டு இறங்கிவிட்டார். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் தனியாக வைத்ததுபோல் இருந்தது. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். திருப்பூருக்கு அந்தப் பக்கம் போனதில்லை. நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவர்கள் என்னை அண்ணாச்சி என்றார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள், இருந்தாலும் எங்கள் பக்கத்தில் வேலைக்கு வருகிற ஆளையும் அப்படித்தான் கூப்பிடுவது.

டிஷ் மாட்டிய அன்றைக்கு அந்த அக்கா நன்றாகத்தான் சத்தம் கொடுத்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே. நான் டிஷ்ஷைத் தொடும் முன்பே "போச்சு, போச்சு" என்றார்கள். உள்ளே கட்டிலிலிருந்து அவருடைய குரல் கேட்டது.

"நான் இன்னும் போவலட்டி. மெதுவாச் சொல்லு."

அந்த அக்கா சிரித்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். வேலை கொஞ்சம் இழுத்தது. அவர் என்னையும் விடவில்லை.

"ஏலே தம்பி, பத்து டயர் வண்டியை நான் ஒரே ஒடியில திருப்புனவன். ஒரு சோத்துத் தட்டைத் திருப்ப ஒனக்கு அரை நாளா?"

படம் வந்ததும் அவர் இந்தி சேனல்தான் வேண்டும் என்றார். அந்த அக்கா, டிஷ் வாங்கியும் புரியாத பாஷையா என்று முணுமுணுத்தார்கள். காலை பத்தரை மணிக்கு ஒரு நிகழ்ச்சி. ஒரு ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு தினம் ஒரு ஊருக்குப் போய், கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, ஆற்றுப் பாலம் என்று காட்டுவான். அவர் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார். இந்தப் பாலத்தில் இரண்டு நாள் வண்டி நின்றது என்றார். இந்தத் திருப்பத்தில் ஒரு கிழவன் மண் குவளையில் டீ தருவான், குடித்துவிட்டுக் குவளையைக் கீழே போட்டு உடைத்துவிட வேண்டும் என்றார். நான் வயரைச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா என் பக்கம் திரும்பி, இதெல்லாம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்று சொன்னார்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்திருக்கும், நான் அங்கே நின்றேன், அதனால் என்னிடம் சொன்னார்கள். ஆணி அடித்தேன்.

ஆனி மாதம் அவர்கள் ஊர்க் கடையில் இருந்த ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிட்டார்கள். படம் வரவில்லை. போய்ப் பார்த்தால் கம்பத்தைச் சுற்றி மண் வெடித்து, கம்பம் மேற்கே சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு, ஆனால் டிஷ்ஷுக்கு அது போதும். அதற்குள் ஆஸ்பத்திரியில் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் வந்ததற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புறவாசலுக்குப் போய் போல்ட்டைத் தளர்த்தித் திருப்ப ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. "வருதாக்கா?" என்றேன். பதில் இல்லை. கொஞ்சம் திருப்பினேன். "வந்துட்டு" என்றார்கள். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். சத்தம் இல்லை. "வருதா, போச்சா?" என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. இப்படியே வெகுநேரம் போனது. எரிச்சலாக இருந்தது, ஆனால் உள்ளே போய்க் கேட்கக் கூச்சம். கடைசியில் அந்த அக்காவே புறவாசலுக்கு வந்தார்கள். நிலையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்கள்.

"அண்ணாச்சி, அந்தச் சொல்லு என் வாயில வர மாட்டேங்குது. நீங்களும் இங்கன சொல்லாதீங்க. அவிய படுத்திருக்காவல்லா."

நாள் முழுக்க எத்தனை வீடுகளில் எத்தனை தடவை அந்தச் சொல்லைக் கேட்டிருப்பேன். அது என்ன சொல் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் விளக்கு அணைந்தால்கூட அணைந்தது என்று சொல்லமாட்டார்கள், குளிர்ந்துவிட்டது என்பார்கள். படுக்கையில் ஆள் இருக்கிற வீட்டில் போய் நின்று, போச்சா போச்சா என்று சத்தம் போட்டிருக்கிறேன்.

அப்படியானால் டி.வி.யை வெளியே தூக்கிவந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தட்டை அடித்துச் சத்தம் கொடுப்பதாக அவர்களே சொன்னார்கள். ஒரு சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டார்கள். சிக்னல் இருக்கிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். சத்தம் இருந்தால் இருக்கிறது, சத்தம் இல்லாவிட்டால் இல்லை. எனக்கும் அது ஒத்துவந்தது. வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. முழுச் சிக்னல் வந்ததும் கல்யாண வீட்டில் அடிப்பதுபோல் வேகமாக அடித்தார்கள்.

நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார்கள். "படம் ஓடுனாத்தான் அவிய பேசுதாவ அண்ணாச்சி. நின்னா அந்தச் செவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதாவ. எப்பக் கூப்பிட்டாலும் வந்திருங்க" என்றார்கள். அதுவரை அந்த வீட்டு டிஷ் எனக்கு மற்ற டிஷ்களில் ஒன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷன் இருபத்தைந்து வருஷம் எங்கெங்கோ இருந்துவிட்டு இப்போதுதான் அவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அது நிற்காமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

புரட்டாசியில் இன்னொரு தடவை போனேன். அன்றைக்குத் தட்டுச் சத்தத்துக்கு நடுவிலேயே அவருடைய பேச்சும் கேட்டது. குரல் மிகவும் இறங்கிப்போயிருந்தது. ஏதோ ஒரு ஊரில் மழையில் பண்டல் நனைந்து, ரோட்டோரம் தார்ப்பாயை விரித்துத் தீப்பெட்டிகளைக் காயப்போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டி எடுத்து உரசினால் பற்றவில்லை, இன்னொன்று பற்றவில்லை, முந்நூறு பெட்டி உரசியிருப்பேன் என்றார். அந்த அக்கா, சரக்கை எல்லாம் நீங்களே தீர்த்துட்டீயளா என்று கேட்டார்கள். அவர் இருமிக்கொண்டே சிரித்தார். நான் போல்ட்டை முறுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கம்பத்தடியிலேயே நின்றேன். குழியைப் பறித்துச் சரியாக ஆழப்படுத்திவிட வேண்டும் என்று தோன்றியது. அப்படிச் செய்தால் கலவை காய்கிற வரைக்கும், இரண்டு நாள், படம் இருக்காது. அவருக்கு இரண்டு நாள் என்பது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். மழை வருவதற்குள் ஒரு நாள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். பிறகு வரவில்லை.

ஐப்பசியில் அடைமழை. ஒன்பது நாள் விட்டு விட்டுப் பெய்தது. மண் உப்பிக் கம்பத்தை இப்போது கிழக்கே தள்ளியிருந்தது. மறுபடியும் போன் வந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலையில் போனேன். கரிசலில் மழைக்குப் பிறகு வண்டி போகாது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்துக்கொள்ளும். தார் ரோட்டிலேயே மொபெட்டை நிறுத்திவிட்டு, காலில் பூட்ஸ் போட்டதுபோல் மண் ஒட்டிக்கொள்ள மூன்று மைல் நடந்தேன். வீட்டை அடையும்போது மணி பத்தரை இருக்கும். கால் முழுக்கச் சேறு. வாசல் வழியாகப் போகாமல் வீட்டைச் சுற்றிப் புறவாசலுக்குப் போய்விட்டேன். அங்கிருந்தே வந்துவிட்டதாகச் சொன்னேன். உள்ளேயிருந்து தட்டில் இரண்டு தட்டு கேட்டது.

சீக்கிரமே சத்தம் வந்துவிட்டது. ஒரே சீராக, விடாமல் வந்தது. டிஷ்ஷை அப்படியே பிடித்துக்கொண்டு முதல் போல்ட்டை முறுக்கினேன். சத்தம் இருந்தது. இரண்டாவது போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டேன். அரைச் சுற்று முறுக்கியிருப்பேன். சத்தம் நின்றுவிட்டது.

முறுக்கியதில் டிஷ் இழுத்துவிட்டது என்று நினைத்தேன். அது சாதாரணமாக நடப்பதுதான். போல்ட்டைத் தளர்த்தினேன். இடது பக்கம் ஒரு நூல் தள்ளினேன். சத்தம் இல்லை. வலது பக்கம் தள்ளினேன். இல்லை. மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன். கை எல்லாம் ஈரம். தூறல் போட ஆரம்பித்தது. மறுபடியும் முதலிலிருந்து, புகை கசிகிற இடத்தைப் பார்த்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு வந்தேன். பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்கும். உள்ளேயிருந்து ஒரு தட்டுக்கூட வரவில்லை. ஜன்னல் ஒன்று இருந்தது, நான் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு. எட்டிப் பார்த்திருக்கலாம். புடவை மாற்றிக்கொண்டோ அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டோ இருக்கலாம், ஜன்னலில் எட்டிப்பார்க்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். கூப்பிட்டாவது கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தச் சொல்லைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது என்று இருந்தது.

பிறகு அந்த அக்கா புறவாசலுக்கு வந்தார்கள். "படத்தைக் காணோம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்கள். குரல் ஒரு மாதிரி இருந்தது. இதோ வந்துவிடும் என்றேன். அவர்கள் உள்ளே போய்த் தட்டைக் கையில் எடுத்த பிறகு ஐந்து நிமிஷத்தில் சிக்னலைப் பிடித்துவிட்டேன். போல்ட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாக மெதுவாக முறுக்கினேன். காலில் சேறு இருந்ததால் உள்ளே போகவில்லை. வாரேன்க்கா என்று சொல்லிவிட்டு அப்படியே கிளம்பினேன்.

கார்த்திகை பாதியில் மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவையும் படம் வரவில்லை என்றுதான் சொன்னார்கள், வேறெதுவும் சொல்லவில்லை. போனபோது முற்றத்தில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பதினாறும் முடிந்து மகள் அதற்கு முந்தின நாள்தான் திருப்பூர் போயிருந்தாள். நான் வந்துபோன மூன்றாம் நாள் நடந்திருக்கிறது.

துக்கம் கேட்க எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்து நின்றேன். அவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிலைப்படியில் உட்கார்ந்து, நான் கேட்காமலேயே சொன்னார்கள்.

அன்றைக்குக் காலையில் படம் வந்ததும் அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தாராம். நாலு நாளாகப் பேச்சே இல்லாமல் இருந்தவர். டி.வி.யில் ஒரு ஊரைக் காட்டினார்கள். நடுரோட்டில் ஒரு மணிக்கூண்டு, அதன் அடியில் தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்கிறார்கள். அவர் கையைத் தூக்கினார்.

"'ஏட்டி, தட்டுறதை நிறுத்து. இந்த ஊர்லதான் நான்'னு சொன்னாவ அண்ணாச்சி. நான் தட்டைக் கீழ வச்சிட்டேன். அவிய வாயத் தொறந்தாவ. படம் மறைஞ்சிட்டு."

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சொல்ல வந்தீயன்னு கேட்டேன். 'படம் வரட்டும்'னாவ. அதையே பாத்துக்கிட்டு இருந்தாவ. நீங்க வர வைக்கையில அந்த ஊரு முடிஞ்சு பாட்டு ஓடுது. அதுக்குப் பொறவு செவரைப் பாத்துத் திரும்புனவிய ஒரு வார்த்தை பேசல."

இருபத்தைந்து வருஷத்தில் அந்த ஊரில் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று அவர்கள் ஒவ்வொன்றாக யோசித்திருக்கிறார்கள். விபத்து ஏதாவது நடந்திருக்குமோ. யாருக்காவது ஏதாவது செய்துவிட்டாரோ. ஒரு தடவை மூன்று மாதம் வராமலே இருந்தார், அப்போது அங்கேதான் இருந்தாரோ. இன்னொரு குடும்பம் இருந்திருக்குமோ என்பதையும் அவர்களே சொன்னார்கள், சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், இங்கேதான் நான் நல்ல வாழைப்பழம் தின்றேன் என்று சொல்ல வந்திருப்பாரோ என்னவோ என்றார்கள். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும் என்றார்கள்.

பிறகு கேட்டார்கள். "அந்த நேரம் பாத்து மண்ணு அசைஞ்சிட்டுல்லா அண்ணாச்சி? மழை மண்ணுதான?"

சிக்னல் நன்றாக இருந்தது. டிஷ் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. தட்டுச் சத்தம் நின்றதும் சிக்னல் விட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பியது நான். அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணைக் கேட்பதுபோல்தான் கேட்டார்கள், என் மேல் துளிச் சந்தேகம் அவர்களுக்கு இல்லை.

"ஆமாக்கா. மழை மண்ணு" என்றேன்.

டிஷ்ஷைச் சரிசெய்து தரச் சொன்னார்கள். அந்த நிகழ்ச்சியில் காட்டிய ஊரையே மறுபடியும் காட்டுவார்களா என்று கேட்டார்கள். காட்டலாம் என்றேன். எனக்கு அது தெரியாது. பெயர் இந்தியில் போடுவார்கள், அது உங்களுக்கும் படிக்கத் தெரியாதுதானே என்றார்கள். தெரியாது என்றேன். மணிக்கூண்டைப் பார்த்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன், அது தெரிந்தால் அவரோடு வண்டி ஓட்டியவர்கள் யாரையாவது கேட்கலாம் என்றார்கள்.

கடப்பாரையை வாங்கிப் பழைய கம்பத்தைப் பிடுங்கினேன். அன்றைக்கு வேறு வேலைக்குப் போகவில்லை. ஈர மண் களிபோல் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. இடுப்பளவு இறங்கினேன். மூன்றடிக்குக் கீழே மண் நிறம் மாறியது. நாலடி தாண்டி வெள்ளையாகச் சுக்கான் தட்டியது. அதையும் அரையடி குடைந்தேன். ஜல்லியும் சிமென்டும் கலந்து கெட்டித்தேன். அந்த அக்கா வந்து எட்டிப் பார்த்து, ஒரு தட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய குழி என்று கேட்டார்கள். இனி அசையாது என்றேன். வேலை செய்யும்போதே முடிவு செய்துகொண்டேன். கலவை காய்ந்து டிஷ் மாட்ட வரும் நாளில் சொல்லிவிடுவது.

மூன்றாம் நாள் வந்து மாட்டினேன். அந்த அக்கா டி.வி.யைப் புறவாசலில் இருந்து தெரிகிற மாதிரித் திருப்பி வைத்திருந்தார்கள். நானே பார்த்துச் சரிசெய்தேன். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முடித்துவிட்டு நிலைப்படியில் நின்றேன். பத்தரை மணி. நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. இருங்க, அந்த ஊர் வருதான்னு பார்த்துக்கிடுதேன் என்று அவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்குக் காட்டியது ஒரு ஆற்றங்கரை ஊர். படித்துறை, படகுகள், குளிக்கிற ஜனங்கள். அவர்கள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். மைக் வைத்திருந்தவன் சிரித்தபோது அவர்கள் முகத்தில் ஒன்றும் இல்லை, பேச்சு புரியாது, அவன் பின்னால் தெரிகிற கட்டடங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிகிற வரைக்கும் நின்றேன். மணிக்கூண்டு வரவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார்கள். நான் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாரேன்க்கா என்றேன். அடுத்த தடவை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கொஞ்ச காலம் என் வீட்டிலும் அந்த நேரத்துக்கு அந்தச் சேனலைப் போட்டுப் பார்த்தேன். மணிக்கூண்டு இரண்டு தடவை வந்தது. ஒன்றின் அடியில் வாழைப்பழ வண்டி இல்லை, இன்னொன்றில் இருந்தது. வடக்கே எல்லா ஊரிலும் மணிக்கூண்டும் வாழைப்பழ வண்டியும் இருக்கும்போல. அவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். அதுதான் இதுவா என்று யாரைக் கேட்டிருப்பார்களோ. ஆறேழு மாதத்தில் அந்த நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் சீரியல் போட ஆரம்பித்தார்கள்.

அதே ஊரில் நான் மாட்டிய வேறு நாலைந்து டிஷ்கள் உண்டு. எல்லாம் இரண்டடிக் குழிகள். கோடைக்கு ஒரு தடவை, மழைக்கு ஒரு தடவை கூப்பிடுவார்கள். போவேன். அந்த வீடு இருக்கிற தெரு வழியாகப் போகாமல் குளத்துக்கரையைச் சுற்றிப் போவேன். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கம்பம் மட்டும் தெரியும். நட்டது நட்டபடி நேராக நிற்கும்.

அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு எனக்குப் போன் வரவில்லை. சாய்ந்தால்தானே கூப்பிடுவார்கள். வேலை இல்லாமல் சும்மா ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே போய் உட்கார்ந்து பேசுகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.